பையன் கடை கடையா சாப்பிட்டு எழுதுறான்னு கவலைப்படுற செங்கோட்டை அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, உங்க வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பிளஸ் டூ படிக்குற பய லீவு விட்டா போதும், புளியரைல ஆரம்பிச்சு ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு ஒரு கடை விடாம ஏறி இறங்கி ஃபேஸ்புக்லயும் கூகுள் மேப்லயும் எழுதிட்டுத் திரியுறான், இதுல என்ன சோறு கிடைக்கும்னு கேட்டிருந்தீங்க. சோறு கிடைக்கும் அண்ணாச்சி, எனக்கு பயமே அதுலதான்.

நாலு பேர் படிக்க ஆரம்பிச்சா கடைக்காரரு "பில்லு வேண்டாம் தம்பி, நல்லா எழுதிவிடுங்க"ம்பாரு. அங்கதான் பிடி விழும். ஓசில சாப்பிட்டா அதை எழுத்துலயே சொல்லணும்னு 2022ல வந்த விளம்பர விதிமுறை இருக்கு, மறைச்சு ஜனங்கள ஏமாத்துற மாதிரி எழுதினா நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு. இவன மாதிரி சின்னப் பயல யாரும் தேடி வரமாட்டாங்க, இருந்தாலும் பழக்கம் இப்பவே வரணும். கூகுள்லயும் ஓசிக்கு பதிலா ரிவியூ எழுதக்கூடாது, அவங்க கொடுக்குறது புள்ளியும் பேட்ஜும் மட்டும்தான், காசு கிடையாது.

ஆனா அவன் எழுதினதெல்லாம் உக்காந்து படிச்சேன், அதுல நீங்க கவனிக்காத லாபம் நிறைய இருக்கு. நம்ம செங்கோட்டை பக்கத்து பிரானூர்ல பார்டர் கடைன்னு போர்டு இருக்கே, பார்டர் அங்க இல்லையேன்னு ஒரு பெரியவர்ட்ட கேட்டு, 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்து, பார்டர் பிரானூர்லயே இருந்த கதையை எழுதியிருக்கான். அந்த பெரியவரு அவனை அடுப்படி வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்காரு, காசு கொடுத்தாலும் நமக்கு அந்தக் கதவு திறக்காது. உள்ள போனவன் பரோட்டா ருசியோட நிக்கல. குற்றால சீசன்ல மைதா மூட்டை எப்படி ஏறுது, முகூர்த்த நாள்ல வாழை இலை விலை ஏறினதும் எந்தக் கடை இலையை பாதியா நறுக்குது, எது தட்டுக்கு மாறுது, எது விலைய ஏத்தாம கறித்துண்டை மட்டும் குறைக்குதுன்னு நோட்டுல குறிச்சு வச்சிருக்கான். காலேஜ்ல இதுக்கு காஸ்டிங், அதாவது செலவுக் கணக்குன்னு ஒரு பேப்பரே வச்சிருக்காங்க அண்ணாச்சி. போதாததுக்கு புனலூர் பக்கம் போய் போய் மலையாள போர்டை எழுத்துக்கூட்டி வாசிக்குறான், பார்டர்ல பிறந்த நமக்கே அது வராது.

அதனால அவனைத் தடுக்காதீங்க, எந்தப் பக்கம் மனசு சாயுதுன்னு மட்டும் பாருங்க. அடுப்படி, கணக்கு, ஆளு மேய்க்குறதுன்னா ஹோட்டல் மேனேஜ்மென்ட். அதுக்கான என்சிஹெச்எம் ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதினா ஐஹெச்எம்ங்கிற அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் காலேஜ்ல சேரலாம், சென்னை தரமணி, இல்ல நமக்குப் பக்கத்துலயே திருவனந்தபுரம் கோவளம் வரைக்கும் வாய்ப்பு உண்டு, பிளஸ் டூல எந்த குரூப்பா இருந்தாலும் சரி, இங்கிலீஷ் ஒரு பாடமா இருக்கணும். மாவு ஏன் இழுபடுது, எண்ணெய் ஏன் கெட்டுப்போகுதுன்னு நோண்டுற ஆளா இருந்தா ஃபுட் டெக்னாலஜி, தஞ்சாவூர்ல நிஃப்டெம்னு மத்திய அரசு காலேஜ் இருக்கு, அதுக்கு கணக்கும் சயின்ஸும் தெம்பா இருக்கணும். எழுத்துதான்னு நின்னான்னா ஒரு டிகிரி முடிச்சுட்டு மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டில தகவல் தொடர்பியல் பாக்கலாம், ஆனா சாப்பாட்டைப் பத்தி எழுதி மட்டும் குடும்பம் நடத்துறவங்க ரொம்ப கொஞ்சம், இதை அவன்ட்ட மறைக்காம சொல்லிருங்க.

பப்ளிக் எக்ஸாம் முடியுற வரைக்கும் மாசத்துக்கு ஒரு கடை போதும்னு பேசி முடிங்க. பில்லு அவன் கையால கட்டணும், அதுக்கு நீங்கதான் காசு கொடுக்கணும். கடைல உணவுப் பாதுகாப்பு (FSSAI) லைசென்ஸ் மாட்டியிருக்காங்களா, அதுல 14 இலக்க நம்பர் இருக்கான்னு பாத்து எழுதச் சொல்லுங்க. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, மார்க் ஷீட்டோட அந்த இலை விலை எழுதின நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நான் முதல்ல நோட்டைத்தான் பாப்பேன்.