சுற்றும் ஆடும் காவல் நாயும்

கேள்வி: செம்மறிக் குட்டி தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. பூச்சி மருந்து கொடுத்தும் குணமில்லையே? – வாசகர், பேரணாம்பட்டு

பதில்: காய்ச்சலோடு திடீரென வந்தால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாரக்கணக்கில் மெல்ல முற்றியதென்றால், மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி என்று சந்தேகிக்கலாம். வழக்கமான குடற்புழு மருந்து முற்றிய கட்டியைக் கரைக்காது, அறுவை சிகிச்சைதான் வழி. குட்டியின் விலைக்கு அது கட்டுப்படியாவது அபூர்வம்.

வளர்ந்த புழு இருப்பது நாயின் குடலில். முட்டை நாயின் கழிவோடு மேய்ச்சல் புல்லில் சேர்ந்து, மேயும் ஆட்டுக்குள் போய் மூளையில் கட்டியாகிறது. அதனால் நாய்க்குத்தான் மருந்து: 10 கிலோ நாய்க்கு 50 மி.கி. பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை. கொடுத்தபின் இரண்டு நாள் கட்டிப்போட்டு, கழிவை எரியுங்கள். ஆந்திர எல்லை தாண்டி மேயும் மந்தையென்றால் கூடவரும் எல்லா நாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆட்டுத்தலையைப் பச்சையாக நாய்க்குப் போட்டால் கொடுத்த மருந்து வீண். மறுபடி புழு பிடிக்கும்.