இரவு ஷிஃப்டிலிருந்து வகுப்பறைக்கு: பேப்பர் போடும் முன் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு 35 வயது. எம்.எஸ்சி. கணிதம். திருச்சியில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் ஏ.ஆர். காலராக (இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கு போன் செய்து பாக்கிப் பணத்தைக் கேட்கும் வேலை) 9 வருடம் 2 மாதமாக வேலை பார்க்கிறேன். 11,500 ரூபாயில் சேர்ந்தேன், இப்போது கைக்கு 46,000 வருகிறது. அடிப்படைச் சம்பளம் 22,000. மாலை ஆறரைக்கு கேப் ஏறினால் விடிகாலை நாலு மணிக்குத்தான் வீடு. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் டீம் லீடர் ஆகிவிட்டார்கள், நான் அதே நாற்காலியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு சும்மாவே சொல்லித் தருகிறேன். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு உயிர் வருகிறது. பி.எட். முடித்து டீச்சர் ஆக ஆசை. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து செலவு 1 லட்சம் ஆகும் என்று விசாரித்தேன். தெரிந்தவர்கள் தனியார் பள்ளியில் 18,000 வாங்குகிறார்கள். கணவருக்கு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் 28,000 சம்பளம். மகள் மூன்றாம் வகுப்பு. மாமியாருக்கு 64 வயது, சுகர் உண்டு. கம்பெனி இன்ஷூரன்ஸில் அவரையும் சேர்த்திருக்கிறேன்.

வீட்டுக் கடன் பாக்கி 16 லட்சம், வட்டி 9.25 சதவீதம், இ.எம்.ஐ. 16,000. வீட்டுச் செலவு 24,000, மகளின் ஃபீஸும் வேனும் 6,000, சீட்டு 10,000 (2 லட்ச ரூபாய்ச் சீட்டு, இன்னும் 14 மாதம், எடுக்கவில்லை), எல்.ஐ.சி. 3,200, ஒன்றரை லட்சம் நகைக்கடனுக்கு வட்டி 1,200, மாத்திரை மருந்து 3,000, பெட்ரோல், கரன்ட், போன் 4,000. எஃப்.டி. 2 லட்சம் இருக்கிறது. வரும் ஏப்ரலில் பேப்பர் போட்டு வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வரும் ஏப்ரலில் வேண்டாம். அடுத்த வருடம் ஜூலையில் வெளியே வரலாம். இந்த பிப்ரவரியிலிருந்து சரியாக 17 மாதம். ஏன் அந்த எண் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் முழுக்க 46,000 எங்கே, 18,000 எங்கே என்ற கவலைதான் தெரிகிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை நடுவில் இருக்கும் இரண்டு வருடம். பி.எட். 2015-லிருந்து இரண்டு வருடப் படிப்பு. வருகைப்பதிவு உண்டு, பள்ளியில் வாரக்கணக்கில் பயிற்சி உண்டு. ராத்திரி கால் எடுத்துவிட்டுப் பகலில் வகுப்பில் உட்காரலாம் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் உடம்பைப் பற்றி யோசிக்கவில்லை. தபால் வழி பி.எட். பெரும்பாலும் ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. ‘வராமலே சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறோம்’ என்கிற ஏஜென்ட்டுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

ஆக, இரண்டு வருடம் உங்கள் சம்பளம் பூஜ்யம். படிப்பு முடிந்ததும் மறுநாளே வேலை கிடைக்காது, அதற்கு ஒரு நாலு மாதம் வையுங்கள். 28 மாதம் வீடு கணவரின் 28,000-ல் ஓட வேண்டும்.

இப்போது உங்கள் செலவைக் கூட்டினால் 67,400 வருகிறது. இருவர் சம்பளமும் சேர்ந்து 74,000. மீதி 6,600 இருக்க வேண்டும். அது எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். போனில் யு.பி.ஐ. பட்டியலை மூன்று மாதத்துக்குப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வேலையை விட்ட பிறகு வரும் மாதத்தைப் போட்டுப் பார்த்தேன். சீட்டும் நகைக்கடனும் அதற்குள் முடிந்திருக்கும், எல்.ஐ.சி. பிரீமியமும் இருக்காது (எப்படி என்று பின்னால் சொல்கிறேன்). வீட்டுச் செலவை 21,000-க்குள் கொண்டுவந்தால், புதிதாக எடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸ்களுக்கு 5,000 சேர்த்து, மாதம் 55,000 வேண்டும். மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 800 ரூபாய் டியூஷன் என்றால் 8,000. கணவர் சம்பளத்தோடு 36,000. மாதம் 19,000 துண்டு விழுகிறது. 28 மாதத்துக்கு 5,32,000. படிப்புச் செலவையும் சேர்த்தால் 6,32,000. இதுதான் உங்கள் ஆசையின் விலை. வேலையை விடும் நாளில் இந்தப் பணம் தனியாக, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பங்குச் சந்தையில் போட்டு இரட்டிப்பாக்கலாம் என்று மைத்துனர் யாராவது யோசனை சொல்வார். சிரித்துவிட்டு எஃப்.டி.யில் போடுங்கள்.

எப்படிச் சேர்ப்பது? கையில் 2 லட்சம் இருக்கிறது. காணாமல் போகும் 6,600-ஐச் சம்பளம் வந்த அன்றே ஆர்.டி.க்கு (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) திருப்பினால் 17 மாதத்தில் 1,12,200. வீட்டுச் செலவு 3,000 குறைப்பதை ஜூலை வரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே தொடங்கினால் 51,000. அதோடு, இரண்டு வருடம் இப்படி இருக்க முடியுமா என்பதற்கு அது ஒத்திகையாகவும் இருக்கும். சீட்டைக் கடைசிவரை எடுக்காதீர்கள். கமிஷன் போக 1,86,000 வரும் என்று வைத்தால், முதல் வேலையாக நகையை மீட்டுவிட்டு 36,000 மிச்சம். அடுத்த மூன்று மாதம் சீட்டுப் பணமும் நகை வட்டியும் மிஞ்சுவதில் 33,600.

அப்புறம் அந்த எல்.ஐ.சி. பாலிசி. கட்டி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் சரண்டர் செய்ய வேண்டாம், ‘பெய்ட்-அப்’ ஆக்கிவிடுங்கள். கட்டிய பங்குக்கு ஏற்ப ஒரு தொகை முதிர்வில் வரும், இனி பிரீமியம் இல்லை. மிஞ்சும் 3,200-ல் மாதம் 1,000 ஒதுக்கி, கணவர் பெயரில் 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (உயிருக்கு மட்டுமான காப்பீடு) எடுங்கள். ஜூலைக்குப் பிறகு வீட்டில் ஒரே சம்பளம் அவருடையது. அந்த பாலிசி இல்லாமல் நீங்கள் கல்லூரிக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீதி 2,200 வீதம் 37,400 சேரும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஆளுக்கு 500 ரூபாய் வாங்க ஆரம்பியுங்கள். சங்கடமாக இருக்கும், தெரியும். ஆனால் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாக்கப் போகிறவர் காசு கேட்கப் பழகத்தானே வேண்டும்? அது 51,000.

கிராஜுவிட்டியில்தான் (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) அந்த 17 மாதத்தின் சூட்சுமம் இருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் உங்களுக்கு ஒரு வருடத்துக்கு 12,692 ரூபாய். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தால் அதை முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். வரும் ஏப்ரலில் பேப்பர் போட்டால் 9 வருடம் 4 மாதத்தில் வெளியே வருவீர்கள், கணக்கில் 9 வருடம், சுமார் 1,14,200. அடுத்த ஜூலையில் 10 வருடம் 7 மாதம், கணக்கில் 11 வருடம், சுமார் 1,39,600. 20 லட்சம் வரை வரியும் கிடையாது. ஆறாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கோபத்தில் பேப்பர் போட்டு ஒரு வருடப் பணத்தை விட்டவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள்.

இத்தனையும் கூட்டினால் 6,60,800. மகிழ்ச்சி அடைவதற்குள் ஒரு கழித்தல்: மெடிக்கல் இன்ஷூரன்ஸ். கம்பெனி கவர் உங்கள் கடைசி வேலை நாளோடு போய்விடும். புது பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். மாமியாரின் சுகர் அதில் வரும். அதனால் வேலையில் இருக்கும்போதே, இந்த மாதமே, உங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக ஒரு ஃப்ளோட்டரும் அவருக்குத் தனியாக ஒன்றும் எடுங்கள். அடுத்த ஜூலைக்குள் 17 மாதம் கழிந்திருக்கும். சுகரை மறைக்காமல் எழுதுங்கள். கம்பெனி கவர் கொடுத்திருக்கும் அதே நிறுவனத்திடம், அதைத் தனிநபர் பாலிசியாக மாற்றித் தருவீர்களா என்றும் முதலில் கேளுங்கள். காத்திருப்புக் காலம் குறைய வாய்ப்பு உண்டு. தனிநபர் மெடிக்கல், டேர்ம் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன நிம்மதி. மாதம் 4,000 என்று வைத்திருக்கிறேன், 17 மாதத்துக்கு 68,000.

இதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் வேலையை விட்டபோது எல்லாக் கணக்கும் போட்டேன், இதை மட்டும் மறந்தேன். மூன்றாவது மாதம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. பில் கவுன்டரில் பழைய கம்பெனி கார்டை நீட்டினேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கார்டை என் பக்கம் தள்ளினார்.

ஆக கையில் 5,92,800. வேண்டியது 6,32,000. சுமார் 40,000 இடிக்கிறது. இந்த இடத்தில்தான் உங்கள் வீட்டுக் கடன் என் கண்ணில் பட்டது. ரிசர்வ் வங்கி 2025-ல் மட்டும் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) 6.5-லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறக்கியது. நீங்கள் இன்னும் 9.25 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கடன் பழைய வட்டி முறையில் மாட்டியிருக்கலாம். கிளைக்குப் போய் வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சின்னக் கட்டணம் கேட்பார்கள். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றுங்கள். வட்டி 8 சதவீதத்துக்கு வந்து, மீதி 16 வருடம் என்றால், இ.எம்.ஐ. சுமார் 14,800. மாதம் 1,200 மிச்சம், இப்போதிருந்து 45 மாதத்துக்கு 54,000. இடித்த 40,000 நிரம்பிவிட்டது. இதை இப்போதே செய்யுங்கள். சம்பள சிலிப் இருக்கும்வரைதான் வங்கியில் உங்களுக்கு நாற்காலி போடுவார்கள்.

அவசரத்துக்கு எது என்று கேட்பீர்கள். மீட்ட நகை பீரோவில் இருக்கும், அது போதும். பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். 8.25 சதவீத வட்டி வேறெங்கே கிடைக்கிறது? வேலை இல்லாத மாதங்களில் சேரும் வட்டிக்கு வரி வரலாம், பரவாயில்லை. 11,500 சம்பளத்தில் சேர்ந்ததால் பென்ஷன் திட்டத்திலும் இருப்பீர்கள். பத்து வருட சர்வீஸ் தாண்டிவிட்டால் 58 வயதில் மாதம் 2,000 சொச்சம் வரும். பெரிய பணமில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். பள்ளியில் சேர்ந்ததும் அதே யு.ஏ.என். எண்ணை (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி கசப்பான பகுதி. வேலை கிடைத்த பிறகு? கணவரின் 28,000, உங்கள் 18,000, டியூஷன் 8,000, மொத்தம் 54,000. குறைத்த இ.எம்.ஐ.யோடு செலவு 53,800. இருநூறு ரூபாய் மிச்சம்! கணவரின் சம்பளம் ஏறும், டியூஷனும் கூடும் என்றாலும், மகளின் ஃபீஸும் ஏறும். சில வருடங்களுக்குச் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இருக்காது. அரசுப் பள்ளியில் கிடைத்தால் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,000-க்கு மேல். பரீட்சை எழுதுங்கள், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் பெறுங்கள். ஆனால் அதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கணக்கில் சேர்க்காதீர்கள். நானும் சேர்க்கவில்லை.

பணத்தைத் தாண்டி இரண்டு விஷயம். ஆர்வமாக வந்து உட்காரும் ஆறு பிள்ளைகள் வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எட்டாம் வகுப்பு பி பிரிவில், ஃபேன் ஓடாத அறையில், 45 பேருக்கு இயற்கணிதம் நடத்துவது வேறு. மிச்சமிருக்கும் லீவில் நாலு நாள் எடுத்து, தெரிந்த பள்ளியில் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் ஒரு பீரியட் எடுத்தும் பாருங்கள். உங்களை வாட்டுவது வேலையா, இரவு ஷிஃப்டா என்பதும் அப்போது தெரியும். ஷிஃப்ட்தான் என்றால், உங்கள் துறையிலேயே மெடிக்கல் கோடிங், பேமென்ட் போஸ்டிங் போன்ற பிரிவுகள் பல இடங்களில் பகலில் நடக்கின்றன. ஆறு லட்சம் செலவழிக்காமல் தீரும் விஷயமாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது, இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. 28 மாதம் அவர் தோளில்தான் வீடு நிற்கப் போகிறது. மேலே உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி, இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். மாமியாரும் கூட இருக்கட்டும். பேசிய பிறகும் ஆசை அப்படியே இருந்தால், நோட்டீஸ் காலம் இரண்டு மாதமா மூன்றா என்று ஆஃபர் லெட்டரில் பார்த்து, ஜூலை இரண்டாம் பாதியில் ரிலீவ் ஆகும்படி பின்னோக்கி எண்ணிப் பேப்பர் போடுங்கள். போனஸ் ஏதும் வரவேண்டியிருந்தால் அது கணக்கில் ஏறிய பிறகு போடுங்கள். அதுவரை ஆபீஸில் யாரிடமும் மூச்சு விட வேண்டாம், கேப்பில் பக்கத்தில் உட்காருகிற தோழியிடம்கூட.