இஎஃப் ஏறவில்லை, என்டி-புரோபிஎன்பி இறங்கியிருக்கிறது: எதை நம்புவது?

இதயச் செயலிழப்புக்கு மருந்து சாப்பிடும் அப்பாவின் எக்கோவில் (இதய ஸ்கேன்) இஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், இன்னும் 30 சதவீதத்திலேயே நிற்கிறது, மருந்து வேலை செய்யவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். அட்மிட் ஆனபோது 4200 இருந்த என்டி-புரோபிஎன்பி (இதயத்துக்குச் சிரமம் கூடினால் ரத்தத்தில் ஏறும் பொருள்) டிஸ்சார்ஜில் 1800 ஆகியிருக்கிறதே, முதலில் அதைப் பாருங்கள். அட்மிட் ஆனபோது இருந்ததிலிருந்து இந்த எண் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே நல்ல அறிகுறிதான். இஎஃப் ஒரு வாரத்தில் ஏறிவிடாது. மருந்து முழு அளவுக்கு வந்து 3 மாதமாவது ஆகட்டும். எக்கோ எடுப்பவர் மாறினாலே 5 புள்ளி முன்னே பின்னே வரும்.

அப்புறம், அவர் சாக்குபிட்ரில்-வல்சார்ட்டன் என்ற இதய மாத்திரை சாப்பிடுவதால், இதே வகையைச் சேர்ந்த வெறும் பிஎன்பி டெஸ்டை வைத்து ஒப்பிடாதீர்கள். அந்த மாத்திரையே அதை ஏற்றிக் காட்டும். அடுத்த முறையும் என்டி-புரோபிஎன்பிதான், கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்டும். ஏனென்றால் சிறுநீரகம் மந்தமானாலும் என்டி-புரோபிஎன்பி ஏறும். 3 நாளில் எடை 2 கிலோ கூடினால் (உடலில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம்) ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.