ஸ்பீக்கரை எங்கே வைத்தால் பாட்டுக்கு ஆழம் வரும்? கேள்வி பதில்

கேள்வி (செல்லூர்): அண்ணே, என் அறை 10-க்கு 14 அடி. ஸ்பீக்கர் இரண்டும் டிவிக்கு இரு பக்கமும் சுவரை ஒட்டி இருக்கின்றன. இடம் வலம் நன்றாகப் பிரிகிறது. ஆனால் பாடகரும் தவிலும் ஒரே கோட்டில் நிற்பது போலக் கேட்கிறது. வேறு ஸ்பீக்கர் வாங்கணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. மீனாட்சியம்மன் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும்போது பக்கத்தில் நின்றால் தவில் அடி நேராகக் காதில் விழும். அப்படியே பிரகாரத்தில் விலகிப் போங்கள். அடி மெலியும், கல் மண்டபத்தின் எதிரொலி கூடும். நேராக வருவது எவ்வளவு, சுற்றி வருவது எவ்வளவு என்று பார்த்துத்தான் காது தூரத்தை அறிகிறது. நல்ல பதிவில் இந்த அளவு ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் அறை அதன்மேல் தன் எதிரொலியைப் பூசிவிடுகிறது.

ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். ஸ்பீக்கர் முகப்பு சுவரிலிருந்து 1 அடியில் இருந்தால், ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டு வருவது 2 மில்லிசெகண்டுக்குள் வந்து நேரொலியோடு ஒட்டிக்கொள்ளும். காதால் பிரிக்க முடியாது. 3 அடி தள்ளி வைத்தால் 5 மில்லிசெகண்ட் பிந்தி, சற்று மெலிந்தும் வரும். கீச்சொலி முன்பக்கமே போகும், கீழ் ஒலிதான், அதாவது பேஸ், பின்னாலும் பரவும். அதனால்தான் சுவரை ஒட்டி வைத்தால் தவிலின் தொப்பிப் பக்கம் முதலில் குழம்புகிறது.

10 அடிச் சுவர்ப் பக்கம் வைத்து, முகப்பு சுவரிலிருந்து 3 அடியில் வரும்படி முன்னால் இழுங்கள். இரண்டுக்கும் நடுவே 6 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்கு 6 அடி. கீச்சொலி தரும் சின்ன ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். டிவி சுவரிலேயே இருக்கலாம்.

கேள்வி (திருமங்கலம்): நானும் 3 அடி இழுத்தேன். ஆழம் வந்தது, பேஸ் போய்விட்டது.

பதில்: இரண்டு காரணம். சுவர் கொடுத்துவந்த கூடுதல் பேஸ் நின்றுவிட்டது. அது பதிவில் இல்லாத பேஸ்தான். இன்னொன்று, முகப்பிலிருந்து சுவருக்கு 3 அடி என்றால் 95 ஹெர்ட்ஸ் வாக்கில் சுவரில் பட்டு வரும் அலை, நேரொலி ஏறும்போது இறங்கி, அதை அடித்துவிடும்; அந்த இடத்தில் பேஸில் ஒரு பள்ளம் விழும். அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், பள்ளம் இடம் மாறும். நாற்காலியையும் நகர்த்துங்கள். உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரில் தலை சாய்த்துக் கேட்டால் எந்த ஸ்பீக்கரும் சரியாகக் கேட்காது.

கேள்வி (எல்லீஸ் நகர்): வாடகை வீடு. 3 அடி விட்டால் நடக்க வழியில்லை என்று அம்மா சொல்கிறார்.

பதில்: அம்மா சொல்வது சரி. கேட்கும்போது மட்டும் இழுங்கள். சரியான இடம் கிடைத்ததும் தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள், ஓர் அங்குலம் மாறினாலும் நடுக்குரல் நகரும். டைல்ஸ் தரையானால் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே கனமான ஜமுக்காளம் விரியுங்கள்.

கேள்வி (மேலூர்): இடது ஸ்பீக்கர் பக்கத்தில் இரும்பு பீரோ, வலது பக்கம் வாசல். குரல் இடப்பக்கமே சாய்கிறது.

பதில்: பீரோவில் பட்டுத் தெறிப்பது இடப்பக்கத்தைத் தூக்குகிறது, வாசல் வழியாக வலப்பக்க ஒலி வெளியே போகிறது. நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க, ஒருவரைப் பக்கச்சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அதுதான் ஒலி தெறிக்கும் இடம். பீரோவில் தெரிந்தால் அதை இடம் மாற்றுங்கள். முடியாவிட்டால் கனத்த போர்வையை மடித்துத் தொங்கவிடுங்கள். வலப்பக்கம் கதவைச் சாத்துங்கள்.

கேள்வி (திருநகர்): எதிரொலியைக் குறைக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: ஒட்டாதீர்கள். மெல்லிய அட்டை பேஸைத் தொடாது, தீப்பிடித்தால் ஆபத்து.

கேள்வி (உசிலம்பட்டி): ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பணுமா? பழைய பாட்டில் அகலமே வரவில்லையே?

பதில்: முதலில் நேராக வையுங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். நேராக இருந்தால் பாட்டு நிற்பதாகத் தோன்றும் மேடை அகலும், நடுக்குரல் தளரும். காதுக்கு நேராகத் திருப்பினால் குரல் கூர்மையாகும், ஆனால் பல ஸ்பீக்கர்களில் கீச்சொலி உறுத்தும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள்.

பழைய பாட்டில் பெரும்பாலானவை மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால் அகலம் வராது. ஆனால் அதையே சோதனைக்குப் பயன்படுத்தலாம். மோனோ பாட்டைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், ஓர் ஆள் அகலத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டேப்பை எடுத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் காதுக்கு உள்ள தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.