நூலகக் கணினியில் லாக்அவுட் செய்தேனா என்று நினைவில்லை. என்ன செய்வது?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கணினி இல்லை. விண்ணப்பம், ஹால் டிக்கெட் எல்லாம் எங்கள் ஊர் நூலகத்துக் கணினியில்தான். போன வாரம் அங்கே ஜிமெயிலைத் திறந்து, இ-ஆதாரையும் டவுன்லோட் செய்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னதும் அவசரமாக எழுந்து வந்துவிட்டேன். லாக்அவுட் செய்தேனா என்று நினைவில்லை. யாராவது உள்ளே நுழைந்திருப்பார்களா? தேர்வுக் கட்டணத்தையும் அங்கேயே கட்டலாமா? நூலக வைஃபையில் என் போனை இணைக்கலாமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: இதற்காக நூலகத்துக்கு ஓட வேண்டியதில்லை. கையில் இருக்கும் போனே போதும். போன் செட்டிங்ஸில் ‘கூகுள்’ பகுதிக்குப் போய், உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்து, பாதுகாப்பு என்பதைத் தொடுங்கள். உங்கள் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். உங்களிடம் கணினியே இல்லை என்பதால், விண்டோஸ் என்று ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் நூலகக் கணினிதான். அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். அடுத்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு, போனிலும் ஒருமுறை உறுதி கேட்பது) இன்னும் போடவில்லை என்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் வாட்ஸ்அப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் இதே வேலையைச் செய்யலாம்.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். மெயிலுக்குள் கெட்ட எண்ணத்தோடு நுழைந்த ஒருவர், மறுபடி வருவதற்கு ஒரு பின்வாசலையும் திறந்து வைத்துவிட்டுப் போகலாம். கணக்கை மீட்கும் போன் எண்ணும் மாற்று மெயில் முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். உங்களுக்கு வரும் மெயில்களை வேறொரு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டிங் போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இது ஜிமெயில் ஆப்பில் தெரியாது. போனின் பிரவுசரில் ஜிமெயிலை டெஸ்க்டாப் தளமாகத் திறந்து, செட்டிங்ஸில் தேட வேண்டும். கொஞ்சம் கண் வலிக்கும், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. 2018 முதல், குரோமில் ஜிமெயிலுக்குள் நுழைந்தாலே பிரவுசரும் உங்கள் கணக்கோடு சேர்ந்துகொள்ளும்படி கூகுள் வைத்திருக்கிறது. அப்போது ‘சிங்க் செய்யலாமா’ என்று கேட்டதற்கு நீங்கள் ‘சரி’ கொடுத்திருந்தால், போனில் சேமித்த பாஸ்வேர்டுகள் அந்தக் கணினியிலும் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்ததாகச் சந்தேகம் இருந்தால் ஜிமெயிலோடு நிற்காமல் தேர்வாணையக் கணக்கு, டிஜிலாக்கர், வங்கி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றுவதுதான் நல்லது.

எனக்கு மெயிலைவிட ஆதார்தான் கவலை. இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டே என்பீர்கள். உங்கள் பெயரின் முதல் 4 எழுத்துகளும் (ஆங்கிலப் பெரிய எழுத்தில்) பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு. உங்கள் பெயர் தெரிந்தவருக்கு மிச்சம் இருப்பது ஆண்டு மட்டுமே. பத்துப் பதினைந்து முறை முயன்றால் திறந்துவிடும். பொதுக் கணினியில் இ-ஆதாரை இறக்குவதைத் தவிர்க்க வேண்டும், இறக்கினால் நகலை நிரந்தரமாக அழித்துவிட வேண்டும் என்பதுதான் ஆதார் ஆணையம் சொல்லும் அறிவுரையும்.

அதனால் அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து அந்தக் கோப்பைத் தேடுங்கள். இருந்தால் ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்தி அழியுங்கள். வெறும் டெலீட் கொடுத்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஆதார் தளத்திலோ ஆதார் ஆணையத்தின் ஆப்பிலோ கைரேகையையும் கண்ணின் கருவிழிப் பதிவையும் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். ஆதார் வழியாகக் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு இது நல்ல தடுப்பு. உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற விவரத்தையும் அங்கேயே பார்க்கலாம். இனிமேல் அடையாளச் சான்றாகக் கேட்கும் இடங்களில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ ஆதார் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அதுவே போதும்.

அடுத்து கட்டணம். விண்ணப்பத்தை நூலகக் கணினியில் நிரப்பலாம், தவறே இல்லை. ஆனால் கார்டு எண்ணையோ நெட்பேங்கிங் பாஸ்வேர்டையோ அந்தக் கீபோர்டில் தட்ட வேண்டாம். 2011-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்துப் பொது நூலகங்கள் சிலவற்றில், கீபோர்டு ஒயருக்கும் கணினிக்கும் நடுவே விரல் நீளத்துக்குக் கருவிகள் சொருகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் கீலாகர் அது. ஆன்டிவைரஸுக்கு அது தெரியாது, ஏனென்றால் கணினிக்குள் அது ஒன்றையும் நிறுவுவதில்லை. உங்கள் ஊர் நூலகத்தில் அப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்று நாம் பார்த்துச் சொல்வதும் எளிதல்ல, அதுதான் சிக்கல்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கட்டணப் பக்கம் வந்ததும் யூபிஐ க்யூஆர் கோடு காட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போனை மொபைல் டேட்டாவில் வைத்து ஸ்கேன் செய்து, யாருக்குப் பணம் போகிறது என்ற பெயரைப் படித்துவிட்டு, யூபிஐ பின் (PIN) எண்ணைப் போனிலேயே போடலாம். பணம் சம்பந்தப்பட்ட எதுவும் அந்தக் கணினியைத் தொடாது. க்யூஆர் இல்லையென்றால், விவரங்களை நிரப்பிச் சேமித்துவிட்டு, கட்டணத்தை மட்டும் வீட்டில் போனில் கட்டிவிடுங்கள். தேர்வாணையத் தளத்துக்கும் கூகுளில் தேடி, மேலே விளம்பரமாக வரும் முதல் இணைப்பைத் தட்டிப் போக வேண்டாம். tnpsc.gov.in என்ற முகவரியை நீங்களே அடித்து, அங்கிருந்து விண்ணப்பப் பக்கத்துக்குப் போங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தத் தொகையை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

இனி உட்காரும்போது குரோமில் வலது மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, ‘கெஸ்ட்’ என்பதைத் திறந்து வேலை செய்யுங்கள். மூடியதும் ஹிஸ்டரி, குக்கி, லாகின் எல்லாம் போய்விடும். ஹிஸ்டரி சேமிக்காத இன்காக்னிட்டோ விண்டோ போதாதா என்று பலர் கேட்பார்கள். ஒரு கணினியில் திறந்திருக்கும் இன்காக்னிட்டோ விண்டோக்கள் எல்லாம் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்பவை. உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒன்றை மினிமைஸ் செய்து விட்டுப் போயிருந்தால், நீங்கள் புதிதாகத் திறப்பதும் அதோடு சேர்ந்துவிடும். நீங்கள் விட்டுப்போனாலும் அடுத்தவருக்கு அதே கதைதான். கெஸ்ட் ஆனாலும் இன்காக்னிட்டோ ஆனாலும், இறக்கிய கோப்புகளைத் தானாக அழிக்காது.

இந்தக் கோப்பு விஷயத்தில் எல்லாரும் மறப்பது போட்டோவையும் ஸ்கேன் செய்த கையெழுத்தையும்தான். விண்ணப்பத்துக்காக அளவைக் குறைத்து, டெஸ்க்டாப்பில் ‘சைன்1’, ‘சைன்2’ என்று சேமித்து, சரியானதை ஏற்றிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பொதுக் கணினிகளின் டெஸ்க்டாப்பைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேரின் கையெழுத்து அங்கே கிடக்கும். போட்டோ, கையெழுத்து, ஆதார் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் உங்கள் பெயரில் ஏதாவது வாங்க முயல்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. போட்டோவையும் கையெழுத்தையும் போனிலேயே அளவு குறைத்துவிட்டால் இந்தக் குப்பையே சேராது. பென்டிரைவ் கொண்டுபோனால், வீட்டுக்கு வந்து வேறு எதிலும் சொருகும் முன் ஸ்கேன் செய்யுங்கள். ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் பழைய வைரஸ் ஜெராக்ஸ் கடைகளை இன்னும் விட்டுப் போகவில்லை. பிரிண்ட் எடுக்கக் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பும் பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் போன் தொலையலாமே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உட்காரும்போது வேறொருவரின் மெயில் திறந்திருந்தால்? படிக்காமல் லாக்அவுட் செய்துவிட்டு, நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விளையாட்டாகக்கூட அதிலிருந்து ஒரு மெயில் அனுப்ப வேண்டாம். அடுத்தவரின் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. படம் இறக்குவதும் வேண்டாம். இணைப்பு மெதுவாகி மற்றவர்கள் தவிப்பது ஒருபுறம் இருக்க, திருட்டுப் பிரதி என்று புகார் வந்தால் முதலில் போய் நிற்பது நூலகத்தின் பெயரில் உள்ள இணைப்பில்தான். பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதச் சொன்னால் முகம் சுளிக்காமல் எழுதுங்கள். பிரவுசிங் சென்டர்களில் பயனாளரின் அடையாளத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்று 2011-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. நூலகத்தில் நடந்ததற்கு யாரென்று தெரியாமல் போனால் எல்லாருக்குமே அந்தக் கணினி பூட்டப்பட்டுவிடும்.

வைஃபையைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலான தளங்கள், நடுவில் யாரும் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் (https) வழியாக வருவதால், பக்கத்து மேசைக்காரர் உங்கள் மெயிலைப் படித்துவிட முடியாது. படிக்க, வீடியோ பாடம் பார்க்க எல்லாம் இணைக்கலாம். எது நூலகத்தின் உண்மையான நெட்வொர்க் என்று நூலகரிடம் கேட்டு இணைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதே பெயரில் யார் வேண்டுமானாலும் ஹாட்ஸ்பாட் போடலாம். தளம் பாதுகாப்பானதில்லை என்று பிரவுசர் எச்சரித்தால் மீறிப் போக வேண்டாம். கிளம்பும்போது, தானாக இணையும் வசதியை அணைத்துவிடுங்கள். கட்டணம் கட்டும்போது மட்டும் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.