ஜார்ஜியா மருத்துவமா, மனநல சமூகப் பணியா?

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் பதற்றத்தை விடுங்கள். பத்தொன்பது வயதில் எந்தப் பெண்ணின் வாழ்க்கையும் முடிந்துவிடுவதில்லை. ஆறுதல் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது உங்கள் தம்பிக்குப் பிடிக்காது.

உங்கள் மகள் இரண்டு முறை நீட் எழுதித் தகுதி பெற்றும் அரசு இடம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஜார்ஜியா நாட்டில் மருத்துவப் படிப்பு. முகவர் சொல்லும் தொகை நாற்பது லட்சம். அதற்காக ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விலை பேசியிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் கௌரவம் என்கிறார் தம்பி. அந்தக் கௌரவத்தின் கணக்கை அவர் உங்களுக்குச் சொன்னாரா? அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. திரும்பி வந்தால் தகுதித் தேர்வு. அதில் தேறினால் இங்கே மறுபடி ஓராண்டுப் பயிற்சி. தேறாவிட்டால் நிலமும் இல்லை, பட்டத்துக்கு மதிப்பும் இல்லை.

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த இடம் வேறு. பாட்டிக்கு நெஞ்சில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று மூன்று மருத்துவமனைகளுக்கு அலைந்தீர்கள். இசிஜி சரி, ரத்தம் சரி. "எப்போதிலிருந்து ஊர்கிறது பாட்டி?" என்று கேட்டவள் உங்கள் மகள். பெரியப்பா இறந்த பதினாறாம் நாளிலிருந்து என்று பாட்டி சொல்லியிருக்கிறார். இதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள்: "எப்போதும் கிழவிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள்." அம்மா, இந்தக் காது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இதையே தொழிலாகச் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. மனநல சமூகப் பணியாளர் என்று பெயர்.

பொறியியல், பி.காம்., நர்சிங் பற்றியெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். ஆகவே இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் துக்கம் பெரும்பாலும் துக்கமாக வெளிவருவதில்லை. நரம்புத் தளர்ச்சியாக, வயிற்றெரிச்சலாக, சாமி இறங்குவதாக வருகிறது. நகரத்து மருத்துவர் ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதுவார்; வரிசை அப்படி நீளமானது. வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, யார் சம்பாதிக்கிறார், யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டறிவது சமூகப் பணியாளரின் வேலை. சாதியும் அதில் வரும். "நீங்க எந்தத் தெரு?" என்ற ஒரு கேள்வியிலேயே வாயை மூடிக்கொள்ளும் நோயாளிகள் உண்டு. விடுதியில் சாதி சொல்லி ஒதுக்கப்பட்ட மாணவனிடம் தன்னம்பிக்கைப் பயிற்சி பற்றிப் பேசினால் அவன் மறுமுறை வரமாட்டான். சாதி மாறிக் காதலித்த பெண்ணைப் புத்தி பேதலித்துவிட்டது என்று குடும்பமே அழைத்துவரும். சமூகத்தின் ஒழுக்கத்துக்கோ நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். அதைக் குடும்பத்தின் முகத்துக்கு நேரே, ஆனால் சண்டையில்லாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டுமான தேவையும் அல்ல. இந்தியாவிலிருந்து போன ஜாபர் கரீம் என்ற உளச்சிகிச்சையாளர், குடியேறிகளின் இனத்தையும் பண்பாட்டையும் கணக்கில் எடுத்துச் சிகிச்சை தருவதற்கென்றே 1983இல் லண்டனில் 'நஃப்சியாத்' மையத்தைத் தொடங்கினார். இங்கோ, மனநோய் தீரும் என்று நம்பி வரும் தர்கா உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகுதான் பலருக்கு உறைத்தது. தர்காவுக்குப் போகாதே என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. துவா என்னும் பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்று அங்கேயே மனநலக் குழு செயல்படத் தொடங்கியது அதனால்தான்.

வழி இதுதான். அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் சமூகப் பணி, உளவியல், சமூகவியல் இவற்றில் ஒரு பட்டம். பிறகு எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலை. சென்னையில் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. எனப் பல இடங்கள் உண்டு. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி, தேஸ்பூரில் உள்ள மனநல நிறுவனங்கள் போன்றவற்றில் நுழைவுத் தேர்வு எழுதி இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி. நிம்ஹான்ஸில் அதற்கு உதவித்தொகையும் தருகிறார்கள். சட்டம் இந்தப் பயிற்சியை எம்.பில். என்று குறிப்பிடுகிறது. நாட்டில் எம்.பில். நிறுத்தப்பட்டபோது இதற்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்பு கொடுத்தார்கள். உங்கள் மகள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது பட்டத்தின் பெயர் மாறியிருக்கலாம். அப்போதைய விதியைப் பார்த்துச் சேருங்கள். அஞ்சல் வழி, ஆன்லைன் உளவியல் பட்டம் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சம்பளத்தைப் பற்றி இனிப்பாகப் பேச மாட்டேன். மாவட்ட மனநலத் திட்டப் பணிகளில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. தொடக்கத்தில் ஐ.டி. வேலைக்குப் போன அத்தை மகன் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் நிலத்தை விற்றுத் தொடங்க வேண்டியதில்லை. குறைந்த சம்பளத்தில் ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்கலாம். நாற்பது லட்சத்தைத் தொலைத்துவிட்டு முடியாது.

இந்த வாரம் மகளை ஒரு எம்.எஸ்.டபிள்யூ கல்லூரிக்கு அழைத்துப்போய், களப்பணி செய்யும் மாணவிகளோடு தனியாகப் பேசவிடுங்கள். நீங்கள் வெளியே இருங்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன், நீங்களும் கூடாது. முகவரிடம் கொடுத்த முன்பணம் ஐம்பதாயிரத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் போகட்டும். அந்த ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றுவதற்காக நஞ்சையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.