நுரையில் ஏற மறுக்கும் காரீயத் தாது

கேள்வி: நீரில் கலந்த தாதுத் துகளைக் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து மேலே கொண்டுவரும் நுரை மிதப்பு முறையில் கலீனா (காரீய சல்பைடு தாது) எளிதாகப் பிரிகிறது. துகளைக் குமிழியில் ஒட்டவைக்கும் மருந்தான அதே சாந்தேட்டைப் போட்டும் செருசைட் தாது மேலே வருவதில்லை. சோடியம் சல்பைடு சேர்த்தால் இன்னும் மோசம். ஏன்?
– கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: செருசைட் என்பது காரீயக் கார்பனேட். அதன் மேற்பரப்பு தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரைவதால், ஒட்டிய சாந்தேட்டும் கூடவே உரிந்துபோகிறது. சோடியம் சல்பைடு போடுவதே துகளின் மேல் மெல்லிய காரீய சல்பைடு படலம் பூசத்தான். அது சரியாகப் படிந்தால் வெளிறிய துகள் பழுப்பாகிக் கறுக்கும்.

நீங்கள் மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மீந்துபோன சல்பைடு சாந்தேட்டை ஒட்டவே விடாது. குறைந்தாலோ படலம் முழுமையாகாது. டன்னுக்கு 2 கிலோ என்ற கணக்கில் தொடங்குங்கள். 1 கிலோ தாதுவுக்கு 2 கிராம். கடைச் செதிலில் சல்பைடு சுமார் 60 சதவீதம்தான், ஆகவே 3.3 கிராம் நிறுத்து 100 மி.லி. நீரில் அன்றன்றைக்குக் கரையுங்கள். அதில் 25 மி.லி. விட்டு 2 நிமிடம் கலக்கி, பொட்டாசியம் அமைல் சாந்தேட் 0.05 கிராம் சேர்த்து நுரையை வழித்தெடுங்கள். பிறகு அடுத்த 25 மி.லி. இப்படி நான்கு முறை.

நுரை வெறுமையாக வந்தால் கூழில் (அரைத்த தாதுவும் நீரும் சேர்ந்த கலவை) கொஞ்சம் வடிகட்டி, லெட் அசிடேட் தாளை நனைத்துப் பாருங்கள். கறுத்தால் சல்பைடு மீந்திருக்கிறது. மேற்கொண்டு எதுவும் சேர்க்காமல் காற்றை மட்டும் செலுத்துங்கள். ஆக்சிஜனேற்றத்தில் அது தீரும், தாது மறுபடி மிதக்கும்.

கூழின் பி.எச். 9–10இல் நிற்கட்டும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது உயிரையே பறிக்கும். புகைபோக்கிக் கூண்டுக்கு வெளியே இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

அரைப்பதிலும் கவனம் தேவை. செருசைட்டின் கடினம் 3–3.5தான், எளிதில் நொறுங்கிச் சேறாகும், அந்தச் சேறு மருந்தையெல்லாம் குடித்துவிடும். அடர்த்தியோ 6.5, குவார்ட்ஸுக்கு 2.65. பெரிய துகள்களை முதலில், அடர்த்தி வேறுபாட்டால் பிரிக்கும் அதிர்வு மேசையில் பிரித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அரையுங்கள். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் செய்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: செருசைட்டையும் தாமிரத் தாதுவைப் போலக் கந்தக அமிலத்தில் கரைக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: கூடாது. கரையாத காரீய சல்பேட் துகளைச் சுற்றி மூடிக்கொள்ளும். அதற்குப் பதில் லிட்டருக்கு 250–300 கிராம் உப்புக் கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் புளிப்பாக்கி, 80 டிகிரிக்குச் சூடாக்கிக் கரைக்கலாம். சுண்ணாம்புக்கல் கலந்த தாது என்றால் அமிலம் அதற்கே செலவாகிவிடும். மரக்காணம் உப்பள உப்பானால் கழுவியதாக இருக்கட்டும். அதிலுள்ள சல்பேட் காரீயத்தைக் கரையவிடாது. சூட்டோடு வடிகட்டுங்கள், ஆறினால் காரீய குளோரைடு படிகமாகி வடிதாளை அடைக்கும். தெளிந்த கரைசலில் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டால் காரீயம் பஞ்சுபோலப் படியும். கணக்குப்படி 1 கிராம் இரும்புக்கு 3.7 கிராம். அமிலம் அதிகமிருந்தால் தகடு அதிலும் கரையும் என்பதால் இரும்பைக் கூடுதலாகவே வையுங்கள்.